சொல்லாமலே நடக்கும் வேலைகள்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் பேச்சைத்தான் முதலில் காதில் வாங்குவேன். பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "பல்லு வெளக்கினியா?" "சட்டையத் திருப்பிப் போட்டிருக்க பாரு." "தண்ணிய மூடு, போதும்." "இன்னும் என்ன உக்காந்திருக்க, எந்திரி." காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதற்குள் மகனிடம் சொல்வதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வேன். அதில் எந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறதோ அதிலிருந்து என் வேலை தொடங்கும்.

கோலா தெர்லா, மலேசியாவின் கேமரன் மலையில், ட்ரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே, 59ஆம் எண் சாலையை ஒட்டிய சின்ன ஊர். மேலே தேயிலை, கீழே காய்கறியும் பூவும், சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகள். இங்கே அப்பா, அம்மா இரண்டு பேருமே விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுகிற வீடுகள் அதிகம். வீட்டில் பத்தொன்பது, இருபது வயதில் ஆட்டிசம் உள்ள மகன் இருப்பான். அவனுக்குக் குளிக்கத் தெரியும், உடுத்தத் தெரியும், சாப்பிட்ட தட்டைக் கழுவவும் தெரியும். ஆனாலும் அம்மா பத்து மணி ஓய்வில் ஓடிவந்து பார்த்தால், போகும்போது எந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தானோ அதே கட்டிலில் உட்கார்ந்திருப்பான். "சோம்பேறி டீச்சர் இவன்" என்பார் அம்மா. இதற்கும் சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. "எந்திரி" என்ற சொல் வரவேண்டும் என்று அவன் காத்திருக்கிறான். ஒவ்வொரு வேலையையும் ஒரு குரலோடு சேர்த்தே கற்றுக்கொண்டவனுக்குக் குரலும் அந்த வேலையின் ஒரு பகுதி. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் எங்கள் தொழிலில் இதைத் தூண்டலைச் சார்ந்திருத்தல் என்போம். பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த அக்கறையே இதை உண்டாக்கிவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

கைப்பேசி, ரைஸ் குக்கர், டைமர், தராசு போன்ற சாதாரணப் பொருள்களை நான் கையில் எடுப்பது இதற்காகத்தான். மனிதர் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லைப் பொருளுக்கு மாற்ற வேண்டும். பிறகு பொருளிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். ஒரு வேலையின் படிகளைக் காட்டும் படப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் கோபம் வராது. நேற்று ஒரு விதமாகவும் இன்று ஒரு விதமாகவும் சொல்லாது. பத்துப் படத்தில் மூன்றை இந்த மாதம் எடுத்துவிடலாம், மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவை அப்படிப் பத்தில் மூன்று பங்கு குறைக்க முடியாது. அவர் அங்கே இருப்பார், இல்லையென்றால் இருக்கமாட்டார்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் முன்னின்று உருவாக்கிய டீச் என்ற முறை 1972இல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று. ஆட்டிசம் உள்ளவருக்கு முன்னால் ஒரு வேலையை வைத்தால் நான்கு கேள்விகளுக்கு விடை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். என்ன வேலை? எவ்வளவு? எப்போது முடியும்? அடுத்து என்ன? இந்த நான்கில் நம் வீடுகளில் யாரும் விடை சொல்லாமல் விடுவது மூன்றாவது கேள்விக்குத்தான். "குளி" என்கிறோம். எப்போது குளித்து முடிந்தது என்பதை யார் சொல்வது? கேமரன் மலைக் குளிரில் சுடுதண்ணீருக்கு அடியில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் பையன் அடம் பிடிக்கவில்லை. முடிவு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால்தான் "போதும், போதும்" என்ற சொல் என் தாளில் எப்போதும் மேலே நிற்கிறது.

நான் ரைஸ் குக்கரை விரும்புவதும் இதற்காகத்தான். சமையல் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் முதல் பாடம் அதுவே. 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானியங்கிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அடுப்படியில் நின்று சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து பெண்களை விடுவிப்பதாகத்தான் நினைத்தார்கள். அது விடுவிக்கக்கூடிய இன்னொருவர் இருக்கிறார் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. இன்றைய சாதாரணக் குக்கரின் சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அரிசி தண்ணீரை முழுக்கக் குடித்ததும் சூடு சட்டென்று ஏறும். அடியிலிருக்கும் காந்தம் அந்தச் சூட்டில் பிடியை விட்டுவிடும், விசை 'டக்' என்று மேலே எழும்பும். 'முடிந்தது' என்பதை மனிதரைக் கேட்காமல் தானே சொல்லும் பாத்திரம் அது. சோறு வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்த்து முடிவு செய்வது அனுபவம் சார்ந்த தீர்ப்பு. 'டக்' என்பது எல்லாருக்கும் ஒன்றே.

சிக்கல் அளவில்தான். குக்கரோடு வரும் கோப்பை 180 மில்லி. அரிசியை அதன் விளிம்புவரை நிரப்பித் தட்டச் சொல்லலாம். சட்டிக்குள் பொறித்திருக்கும் கோடுகளோ தண்ணீருக்குள் போனதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் தண்ணீருக்கென்று தனியாக ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளை வாங்கச் சொல்வேன். வீட்டில் வழக்கமாக வைக்கும் அளவுக்கு அதன் வெளிப்புறத்தில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றிவிட்டால் போதும். அரிசி மாறினால் நாடாவின் இடமும் மாற வேண்டும், இதை வீட்டாருக்குத்தான் பல தடவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பெரிய செலவொன்றுமில்லை. இரண்டு வெள்ளிக் கடையில் எல்லாமே கிடைக்கும்.

அடுத்தது வீடியோ. இணையத்தில் பல் துலக்கும் காட்சி ஆயிரம் கிடக்கிறது, ஒன்றும் உதவாது. அதில் இருப்பது வேறு குளியலறை, வேறு வாளி, வேறு பிள்ளை. வீட்டிலேயே எடுக்க வேண்டும். எடுப்பவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும். திரையில் தெரிவது இரண்டு கைகளும் பொருளும் மட்டுமே. முகம் வேண்டாம், முகம் வந்தால் பார்ப்பவர் கவனம் அங்கே போய்விடும். பின்னால் தொலைக்காட்சி ஓடக்கூடாது. ஒரு வீடியோவுக்கு ஒரே வேலை, ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கடைசிக் காட்சியில் முடிந்த பொருள் தெரிய வேண்டும்: கவிழ்த்து வைத்த தட்டு, கொடியில் காயும் துண்டு. கைகள் யாருடையவை என்பதும் முக்கியம். அம்மாவின் வளையல் தெரிந்தால் அவன் அம்மாவைத் தேடத் தொடங்கிவிடுவான். நான் மாமா பையனையோ சித்தப்பா பையனையோ செய்யச் சொல்வேன். ஏறக்குறைய அதே வயது, அதே அளவுக் கை.

"டீச்சர், வீடியோவப் பாத்துக்கிட்டே இருக்கான், செய்ய மாட்டேங்குறான்" என்று ஒரு புகார் வரும், வராத வீடே இல்லை. பார்ப்பது இன்பம், செய்வது வேலை. யாருக்குத்தான் அப்படி இல்லை? கைப்பேசியில் ஒரு செயலி மட்டும் திறந்திருக்கும்படி பூட்டும் வசதி இருக்கிறது. ஐபோனில் கைடட் ஆக்சஸ் என்ற பெயரில் 2012இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் 2014இல் ஐந்தாம் பதிப்போடு ஸ்கிரீன் பின்னிங் வந்தது. வீட்டில் கிடக்கும் பழைய போனிலும் அநேகமாக இருக்கும், அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் கிடைக்கும். விளையாட்டுக்கு ஒரு போன், வேலைக்கு ஒரு போன் என்று பிரித்துவிட முடிந்தால் அது இன்னும் நல்லது. விரிசல் விழுந்து அலமாரியில் கிடக்கும் போன் வேலைப் போனாகட்டும், சிம் அட்டைகூடத் தேவையில்லை. பள்ளத்தாக்கு வீடுகளில் அலைவரிசை வந்து வந்து போகும். ஆகவே படமும் குரலும் வீடியோவும் போனுக்குள்ளேயே சேமித்திருக்க வேண்டும். இணையத்தை நம்பிய எந்த ஏற்பாடும் மழைக்காலத்தில் படுத்துவிடும்.

பேச்சு வராதவர்களுக்கு வருவோம். படத்தைத் தொட்டால் போன் பேசும் செயலிகளில் நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடியது ஆவாஸ். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கியது. வித்யா சாகர் அமைப்பின் பிள்ளைகளோடு பழகிப் பழகி வடிவம் பெற்றது. முதலில் தனிக் கருவியாக இருந்து பிறகு டேப்லெட் செயலியாயிற்று. தமிழிலும் உண்டு. இதைப் பெற்றோரிடம் காட்டும்போதெல்லாம் ஒரே பயம்தான் எழும்: "போனே பேசிட்டா இவன் வாயத் தொறப்பானா?" டயான் மில்லர், ஜானிஸ் லைட், ரால்ஃப் ஷ்லோசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட கட்டுரையை இதற்காகவே நினைவில் வைத்திருக்கிறேன். வலுவான ஆதாரம் கொண்ட 27 பேரில் ஒருவருக்குக்கூட இருந்த பேச்சு குறையவில்லை, 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது. இருந்தாலும் எண்ணைக் கேட்டு மனம் மாறிய தாயை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். அவன் படத்தை அழுத்தி "தண்ணி வேணும்" என்று கேட்டு, அவர் எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுக்கும் அந்தத் தருணத்தில்தான் மாறுவார்.

அந்தத் "தண்ணி வேணும்" யார் குரலில் வர வேண்டும்? இயந்திரக் குரல் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிக்கிறது. கோலா தெர்லாவில் எந்த வீட்டிலும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் மாமா பையனையே மறுபடி பிடித்து, வீட்டுத் தமிழில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறேன். இருபது வயது இளைஞனுக்குப் பெண் குரலோ குழந்தைக் குரலோ வைக்கவே கூடாது, பிறகு ஊர் அவனைக் குழந்தையாகத்தான் நடத்தும். இன்னொன்று, இங்கே ஒருவர் ஒரே நாளில் மூன்று மொழிக்குள் போய்வருகிறார். வயிற்றுப் படத்தை அழுத்தினால் வீட்டுப் பக்கத்தில் "வயிறு வலிக்குது" என்றும், கிளினிக் பக்கத்தில் "சாக்கிட் பெருட்" என்றும் வர வேண்டும். சீனர் கடைக்கும் மலாயே போதும். படம் மாறக்கூடாது, குரல் மட்டும் மாறலாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ மணிக்கட்டையோ பிடித்து எழுத்துகளைத் தொடவைத்து, "பாருங்கள், உள்ளுக்குள் எவ்வளவு பேச்சு இருக்கிறது" என்று காட்டுபவர்கள் உண்டு. வருவது பிடித்திருப்பவரின் சொல் என்று சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் இந்த முறை வேண்டாம் என்று 2018இல் மறுபடியும் அறிவித்தது. "ம்" என்ற ஒரு படமானாலும் அதைத் தொடுவது அவன் விரலாக இருக்க வேண்டும். தொடச் சொல்லி யாரும் தோளைத் தட்டக்கூடாது.

வீட்டை விட்டு வெளியே வந்தால் 59ஆம் எண் சாலை. பல இடங்களில் நடைபாதை இல்லை. காய்கறி லாரிகள், வார இறுதியென்றால் சுற்றுலாக் கார்களின் நெரிசல். பெற்றோர் கேட்பது இருப்பிடம் காட்டும் வசதியைத்தான். வாட்சாப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பகிரலாம். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க விடுவதில்லை. அதைப் போடுவதையும் போய்ச் சேர்ந்ததும் அணைப்பதையும் அவனுக்கே கற்றுக்கொடுக்கிறேன், அதுவும் ஒரு படப்பட்டியல்தான். வளர்ந்த மனிதரை நாள் முழுவதும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றோருக்கு நிம்மதி கிடைக்கலாம், அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க முடியாது. மண் சரிந்து பாதை அடைபடும் நாள்களுக்கென்று 'இன்று வேறு வழி' என்ற ஒரு அட்டை எங்கள் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அதை நல்ல நாள்களிலும் இடையிடையே பயன்படுத்திப் பழக்க வேண்டும். நெருக்கடியில் முதன்முறையாக அறிமுகமாகும் அட்டை வேலை செய்யாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்து வெள்ளித் தாளும் ஐம்பது வெள்ளித் தாளும் பச்சைச் சாயலில் இருப்பதால் குழம்புகிறார்கள். கியூஆர் கட்டணம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. ஆனால் ஒரு சுழியம் கூடினாலும் தெரியாது. மின்பணப்பையில் அந்த வாரத்துக்கு வேண்டிய சிறு தொகையை மட்டும் வைத்துவிட்டால் இழப்பும் சிறியதாகவே இருக்கும். பிழை செய்து கற்றுக்கொள்ளும் உரிமை மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல இவர்களுக்கும் இருக்கட்டும்.

சட்டமும் திட்டமும் நாட்டில் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓகேயூ அட்டையில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்ற பிரிவுக்குள் அடங்கும். எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. சமூகம் சார்ந்த மறுவாழ்வு நிலையங்களுக்கு 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில்தான் பிள்ளையார் சுழி. ஆனால் பள்ளி வயது முடிந்த பிறகு மலைமேல் இருக்கும் இளைஞனுக்கு என்ன என்று கேட்டால் பதில் மெலிந்துவிடுகிறது. சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கிச் சிகிச்சைக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். எனவே அவனுக்கு வேலை இந்த மலையிலேயே, இங்கே நடக்கும் வேலையிலேயே கிடைக்க வேண்டும்.

இங்கே நடக்கும் வேலை என்றால் காய்கறி தரம் பிரிப்பதும் எடை போட்டுப் பையில் கட்டுவதும். நான் அறிந்த ஓர் இளைஞன் தன் மாமா வேலை செய்யும் கொட்டகையில் தக்காளி கட்டப் போனான். பழம் பிரிப்பதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. எந்தச் சிவப்பு எந்தக் கூடைக்கு என்று நிழற்படம் ஒட்டிய பலகை ஒன்று எதிரே இருந்தது, சில வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். எடையில்தான் நின்றுபோனான். கொட்டகையில் இருந்தது எண் காட்டும் மின்தராசு. பைக்கு 500 கிராம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் 500 வரும்வரை விடவில்லை. 507 வந்தால் ஒரு பழத்தை எடுத்து வேறொன்றை வைப்பான், 494 ஆகும். இன்னொன்றை மாற்றுவான், 511. பழமென்ன, அரிசியா? சரியாக 500 வரவே வராது. மற்றவர்கள் "விடுப்பா, போதும்" என்றார்கள். மறுபடியும் அந்தப் "போதும்". வீட்டில் அம்மாவிடமிருந்து பிரித்தெடுத்த சொல் கொட்டகையில் மேற்பார்வையாளர் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் பக்கத்தில் நின்றால் வேலை ஓடும், நகர்ந்தால் நிற்கும்.

அவன் பிடிவாதக்காரன் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அவன் நேர்மையானவனாகத்தான் தெரிந்தான். 500 என்று சொன்னால் 500. சொன்னவர்கள்தான் மனதுக்குள் 'முன்னே பின்னே' என்று ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறு சொன்னார்கள். எல்லாருக்கும் அது தெரியும், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் 'கொஞ்சம் முன்னே பின்னே' என்பதைக் கண்ணால் பார்க்க அந்த மின்தராசில் வழியில்லை. அது எண்ணைத்தான் காட்டும்.

பழைய கடைகளில் தொங்கும் வட்ட முகமும் முள்ளும் கொண்ட தராசு ஒன்றைத் தேடி வாங்கினோம். 500இல் தொடங்கி 530 வரை, கண்ணாடியின் மேல் பச்சை ஒட்டுநாடாவை வில்போல வெட்டி ஒட்டினோம். முள் பச்சைக்குள் வந்தால் பையைக் கட்டு. வராவிட்டால் ஒரு பழம் சேர், தாண்டினால் ஒரு பழம் எடு. வாங்குபவருக்குக் குறையக்கூடாது என்பதால்தான் பச்சை 500இல் தொடங்கியது. அவ்வளவுதான் பாடம். அன்றைக்கே அவன் கை ஓடத் தொடங்கியது. டீச் முறையின் மூன்றாவது கேள்விக்கு, எப்போது முடியும் என்பதற்கு, அந்தப் பச்சைப் பட்டை விடை சொல்லிவிட்டது. 'எவ்வளவு' என்ற இரண்டாவது கேள்விக்குக் கூடை போதும்: காலிப் பைகள் இடக்கைப் பக்கம், கட்டிய பைகள் வலக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம் தீர்ந்தால் தேநீர் நேரம்.

இதில் நான் போனைக் கொண்டுபோகவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கொட்டகையில் கை எப்போதும் ஈரம், இல்லாவிட்டால் கையுறை. தொடுதிரைக்கு இரண்டும் ஆகாது. புதியது மேலானது என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. மின்தராசு துல்லியமானதுதான், அந்தத் துல்லியமே அவனுக்குத் தடையாக இருந்தது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது எத்தனை வேலை செய்யும் என்று நான் பார்ப்பதில்லை. வேலை முடிந்ததை அது எப்படிச் சொல்கிறது என்று பார்க்கிறேன்.

மேற்பார்வையாளர் இப்போது அவனிடம் காலையில் வணக்கம் சொல்கிறார், மாலையில் பைகளை எண்ணிக்கொள்கிறார். நடுவில் பேச்சில்லை. பக்கத்து மேசையில் கட்டும் பெண்களும் முள் தராசு கேட்டார்களாம். எண் பார்த்துக் கண் வலிக்கிறது என்று.

ட்ரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் கொட்டகை வைத்திருக்கும் தவுக்கேமாருக்கும் முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார், விசாரித்தால் தெரியும். பரிதாபப்பட்டு வேலை கொடுக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு முள் தராசு, இரண்டு கூடை, மாதிரிப் படம் ஒட்டிய ஒரு பலகை, இவ்வளவும் கொடுங்கள். முதல் சில வாரம் அந்த மேசையை இடம் மாற்றாதீர்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள்.